கீழேயிருந்து வெட்டிய பத்தி

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நாளிதழில் ஞாயிற்றுக்கிழமை இணைப்பை இப்போது அவர்தான் கவனிக்கிறார். குரலில் அவ்வளவு மரியாதை. "மேடம், சயின்ஸ் பக்கத்தை நிறுத்துறோம். கடைசியா வர்ற பக்கத்துக்கு நீங்க எழுதினா பொருத்தமா இருக்கும். அணு, குவாண்டம், பிளாக் ஹோல்னு கஷ்டமான விஷயத்தையெல்லாம் சாதாரண வாசகருக்கு எளிமையாச் சொன்னீங்கல்ல, அந்த அனுபவத்தைப் பத்தி. கொஞ்சம் ஜாலியா எழுதிக் குடுங்க" என்றார்.

பக்கத்தை மூடுகிறார்களாம், அதற்கு நான் ஜாலியாக எழுத வேண்டுமாம். அந்த இடத்தில் இனி என்ன வரும் என்று கேட்டேன். ராசிபலனுக்கு இடம் போதவில்லையாம். அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். போனை வைக்கும்போது, "எவ்வளவு வேணாலும் எழுதுங்க மேடம், எடம் பத்தலைன்னா கீழ கொஞ்சம் வெட்டிக்கிறோம்" என்றார் பாருங்கள், அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

கீழே வெட்டிக்கொள்வார்களாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஜாலியாக இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் கீரமங்கலத்துக்காரி. அப்பா பூ கமிஷன் மண்டி வைத்திருந்தார். திருச்சியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, டீச்சர் வேலைக்குக் காத்திருந்த நேரத்தில் பத்திரிகையில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. தற்காலிகமாக நுழைந்தவள் உதவி ஆசிரியராகி, அங்கேயே தலை நரைத்து வெளியே வந்தேன். "பிசிக்ஸ் படிச்ச பொண்ணு ஒண்ணு சும்மாதானே ஒக்காந்திருக்கு" என்று ஒருநாள் அறிவியல் பக்கத்தைத் தூக்கி என் தலையில் கட்டினார்கள். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

கட்டியவர் சொக்கலிங்கம் சார். இணைப்பின் பொறுப்பாசிரியர். திருமயத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். உறவுக்காரர்கள் எல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் தொழில் செய்ய, இவர் மட்டும் பத்திரிகை என்று நின்றுவிட்டவர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எல்லாரையும் 'ம்மா', 'ப்பா' என்றுதான் கூப்பிடுவார். கட்டுரையை உட்கார்ந்து படிக்க மாட்டார். மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, ஹால் முழுக்கக் கேட்க வாசிப்பார். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை இரண்டாக உடைப்பார். சின்ன வாக்கியம் எழுத அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அதை மறைத்தால் நான் நன்றிகெட்டவள்.

ஆனால் அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. 'ஏறத்தாழ', 'பெரும்பாலும்', 'இன்ன நிலையில் மட்டும்', 'இருக்கலாம்' இந்த மாதிரி வார்த்தை எங்கே கண்ணில் பட்டாலும் சிவப்புப் பேனா இறங்கிவிடும். "சந்தேகத்தைக் காசு குடுத்து எவனும் வாங்க மாட்டாம்மா" என்பார். நவீன இயற்பியலில் பாதி அந்த வார்த்தைகளில்தான் இருக்கிறது. அவற்றை உருவிவிட்டால் மிஞ்சுவது மாயாஜாலம். இதை அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

ஒருதடவை எலெக்ட்ரானைப் பற்றி எழுதிக் கொண்டுபோனேன்.

"இந்த எலெக்ட்ரான் அணுவுக்குள்ள எங்கம்மா இருக்கு? ஒரே வரியில சொல்லு" என்றார்.

"அளந்து பாக்குறதுக்கு முன்னாடி இந்த எடத்துலன்னு ஒண்ணு கெடையாது சார். எங்கெங்க எவ்வளவு வாய்ப்புன்னுதான் சொல்ல முடியும்."

"வாய்ப்பா? பஸ் வருமான்னு கேட்டா வாய்ப்பிருக்குன்னு சொல்ற மாதிரியா?"

"இல்ல சார். பஸ் எங்கயோ ஒரு எடத்துல இருக்கு, நமக்குத்தான் தெரியல. இங்க கதை அப்படி இல்ல. அதைத்தான் நாலு பத்தியா எழுதியிருக்கேன்."

"நாலு பத்தி யாரும்மா படிப்பா?" என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால், 'ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் இருக்கும் அதிசயத் துகள்!' என்று தலைப்பு. தங்கள் சாமியாரைத்தான் விஞ்ஞானிகள் இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று ஒரு மடத்திலிருந்து பாராட்டு வந்தது. சார் அதை எல்லாரிடமும் காட்டிச் சந்தோஷப்பட்டார். நான் கேன்டீனில் போய் உட்கார்ந்து ஆத்திரம் தீர டீ குடித்தேன். தலைப்பு வைப்பது அவருடைய உரிமை. எழுதியவருக்கு அது அச்சில் வந்தபிறகுதான் தெரியும். அதுதான் நடைமுறை.

இன்னொரு நடைமுறையும் உண்டு. இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம்.

செய்தி எழுதும்போது முக்கியமானதை மேலே வைப்போம். பஸ் கவிழ்ந்தது, இத்தனை பேருக்குக் காயம் என்பது முதல் வரி. கூட்டம் கூடியது, போலீஸ் வந்தது என்பதெல்லாம் போகப் போகக் கீழே. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து இடம் போனால், பக்கம் கட்டுபவர் படித்துக்கூடப் பார்க்காமல் கீழேயிருந்து வெட்டிவிடுவார். போனது முக்கியமில்லாத வரியாகத்தான் இருக்கும். பஸ் கவிழ்ந்த செய்திக்கு அது சரி. ஒரு விஷயத்தை விளக்குகிற கட்டுரை அப்படிப் போகாது. தெரிந்த இடத்தில் தொடங்கி, வாசகரைக் கையைப் பிடித்து நடத்தி, தெரியாத இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேரும் இடம் கடைசியில்தான் இருக்கும். அதைக் கீழேயிருந்து வெட்டுவது, புதுக்கோட்டையில் ஏறி கீரமங்கலத்துக்கு டிக்கெட் எடுத்தவரை ஆலங்குடியில் இறக்கி விடுகிற வேலை. இதையும் சாரிடம் சொல்லியிருக்கிறேன். "எல்லாக் கட்டுரைக்கும் ஒரே ரூல்தாம்மா" என்று முடித்துவிட்டார். வேறு பக்கங்களில் இருந்தவர்களும் அதற்குத் தலையாட்டினார்கள்.

ஒரு வாரம் கதிரியக்கத்தைப் பற்றி எழுதினேன். கதிரியக்கம் என்றாலே குண்டு, புற்றுநோய் என்றுதான் ஆட்கள் நினைக்கிறார்கள், அது மருந்தாகவும் ஆகிறது என்று சொல்வதுதான் நோக்கம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அணு மருத்துவப் பிரிவுக்கு நேரில் போய் டாக்டரிடம் கேட்டு எழுதினேன். தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் வந்தவர்களுக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுப்பார்கள். தைராய்டு செல் எங்கே மிச்சமிருந்தாலும் அது தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே தன் அணுக்கள் சிதையும்போது வெளிவிடும் கதிரால் அந்தச் செல்லை அழிக்கும். குடித்தவர் உடம்பிலிருந்து கொஞ்ச நாளைக்குக் கதிர் வெளியே வரும். அதனால் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அவரைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும். எவ்வளவு நாள், அப்புறம் என்ன ஆகும் என்பது கடைசிப் பத்தி. நான் ரொம்பவும் மெனக்கெட்ட பத்தி அது.

சனிக்கிழமை ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது. கடைசிப் பத்தி போனது. 'நம்மிடையே நடமாடும் கதிர்வீச்சு!' என்று சார் தலைப்பு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காபியும் கையுமாகப் படித்துவிட்டு வயிற்றெரிச்சலோடு பேப்பரை மடித்து வைத்தேன். இதெல்லாம் பழகிப்போன வயிற்றெரிச்சல்தான் என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். கட்டுமாவடியிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார், கட்டுரை எழுதினவரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்கிறார் என்றார்கள். இறங்கிப் போனேன். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஆபரேஷன் தழும்பை முந்தானையால் மூடியிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மடித்து மடித்து நைந்துபோன எங்கள் பேப்பரை நீட்டினார்.

"இதை எழுதுனது நீங்களாம்மா?"

"ஆமாங்க."

"நல்லாத்தாம்மா எழுதியிருக்கீங்க. எனக்கு அந்த மருந்துதான் குடுத்தாக. இதுல போட்டுருக்கிற மாதிரியேதான் டாக்டரும் சொன்னாரு. பிள்ளைய மூணு வாரம் தள்ளி வையின்னாரு. வச்சேன். இப்ப ரெண்டு மாசம் தாண்டிப்போச்சு. பிள்ளைய எனக்குத் தரமாட்டேங்குறாகம்மா."

அவர் பெயர் பாக்கியம். கட்டுமாவடியில் மீன் வாங்கி விற்கிறவர். புருஷன் கடலுக்குப் போகிறவர். நாலு வயதில் ஒரே பெண், தர்ஷினி. சிகிச்சைக்குப் போகும்போது பிள்ளையை அறந்தாங்கியில் இருக்கும் நாத்தனார் ராணி வீட்டில் விட்டிருக்கிறார்கள். ராணி, புருஷனுடைய அக்கா. நல்ல மனுஷிதான், பிள்ளையைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டார் என்று பாக்கியமே சொன்னார். மூன்று வாரத்துக்கு மேலேயே ஒரு வாரம் விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்பியிருக்கிறார். அன்றைக்குக் காலையில் எங்கள் பேப்பர் ராணி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"நான் வாசல் கேட்டுப் பக்கத்துல போகும்போதே அண்ணி பேப்பரைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறாக. 'இதுல எத்தனை நாளுன்னு போடவே இல்லையே, அப்ப ஆயுசுக்கும்தானே'ங்குறாக. டாக்டரு சொன்னாருன்னா, 'டாக்டரு ஒன்னைய அனுப்புறதுக்கு ஆயிரம் சொல்வாரு, பேப்பர்ல பொய்யா போடுவாக'ங்குறாக. என் வீட்டுக்காரரு அக்காவை எதுத்து வாயத் தொறக்க மாட்டாரு. இதுல எத்தனை நாளுன்னு ஏம்மா எழுதல?"

எழுதினேன் என்று எப்படிச் சொல்வது? எழுதினேன், நகைக்கடைக்காரர் வந்தார், வெட்டினார்கள் என்று சொன்னேன். அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. "அப்ப இப்பப் போடுங்கம்மா" என்றார். எவ்வளவு சரியான பேச்சு!

அவரை மாடிக்குக் கூட்டிப்போய் சார் முன்னால் நிறுத்தினேன். சார் எழுந்து நின்று வரவேற்றார். காபி சொன்னார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நாம போட்டதுல ஏதாவது பொய் இருக்காம்மா?" என்றார்.

"பொய் இல்ல சார்."

"அப்ப எதைத் திருத்துறது? தப்பா போட்டாத்தானே திருத்தம் போடலாம். போடாம விட்டதுக்கெல்லாம் திருத்தம் போட்டா பேப்பர் நடத்த முடியுமா?"

"திருத்தம்னு வேணாம் சார். அந்தப் பத்தியை மட்டும் ஒரு பெட்டியில போடுங்க. ஒரு கை அகலம்கூட வராது."

"போன மாசக் கட்டுரையோட வாலை இந்த மாசம் போட்டா வாசகர் சிரிப்பாங்கம்மா" என்றார். அப்புறம் பாக்கியத்திடம், "நீங்க தைரியமா இருங்கம்மா, எல்லாம் சரியாயிரும்" என்று கும்பிட்டு அனுப்பிவைத்தார். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அச்சில் வந்ததில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்று ஒருவர் நிம்மதியாகக் காபி குடிக்கிறார், அந்த உண்மையை வைத்துக்கொண்டு ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்க முடியாமல் நிற்கிறாள். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் காபி டம்ளரைத் தட்டிவிட்டிருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. தட்டிவிடவில்லை. லீவு எழுதிக்கொடுத்தேன்.

புதுக்கோட்டையில் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஒரு தோழியிடம் கதிரை அளக்கும் கருவியை இரவல் வாங்கினேன். கைக்கு அடக்கமான பெட்டி. கதிர் ஒன்று உள்ளே விழுந்தால் டிக் என்று சத்தம் போடும். அடுத்த வாரம் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் பாக்கியம் காத்திருந்தார். இரண்டு பேருமாக ராணி வீட்டுக்குப் போனோம்.

சவுதியில் புருஷன் சம்பாதித்து அனுப்பிய புது வீடு. போர்டிகோ, ஹால், அடுப்படி எல்லாம் வழுவழுவென்று கிரானைட். பாக்கியம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். அங்கேதான் நிற்க வேண்டும் என்று வழக்கமாகிவிட்டதாம். பிள்ளை ஹால் வாசலில் வந்து நின்றது. அம்மாவைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. நாலு எட்டு வந்து தானாகவே நின்றுகொண்டது. "இங்க வரைக்கும் வரலாம்ல, அத்தை?" என்று ராணியைப் பார்த்துக் கேட்டது. நாலு வயதுப் பிள்ளை. என்னால் தாங்க முடியவில்லை.

நான் யார் என்று சொன்னதும் ராணி மரியாதையாக நாற்காலி போட்டார். "அந்தக் கட்டுரையை எழுதினது நான்தாங்க. அதுல கடைசியில ஒரு பத்தி விட்டுப்போச்சு. பாக்கியத்தால பிள்ளைக்கு ஒண்ணும் வராது" என்றேன்.

"போட்டவுகளும் நீங்க, இப்ப இல்லைங்குறவுகளும் நீங்க. நான் எதை நம்புறது?" என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு வழியே இல்லை.

தாயம் ஆட, ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை இருக்கிறதா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் மத்தியானத்தில் ஆடுவார்களாம், ஒரு டப்பா நிறைய இருந்தது. வேடிக்கை பார்க்க அவர்களும் வந்துவிட்டார்கள். கொட்டையெல்லாம் ஹாலில் குவித்தேன். "இதுதான் பாக்கியத்துக்குக் குடுத்த மருந்துன்னு வச்சிக்குங்க. ஒவ்வொரு கொட்டையும் ஒரு அணு. மொத்தமா ஒருதடவை உருட்டுங்க. வெள்ளை மேல விழுந்தது வேலை முடிஞ்சு செத்துப்போன அணு, எடுத்து ஓரமா போட்டுருங்க. மிச்சத்தை மட்டும் மறுபடி உருட்டுங்க. ஒரு உருட்டுக்கு எட்டு நாள்" என்றேன்.

ராணி உருட்டினார். ஏறத்தாழ பாதி போனது. மறுபடி உருட்டினார், மிச்சத்தில் பாதி. "எந்தக் கொட்டை எப்ப விழும்னு யாராலயும் சொல்ல முடியாது, பெரிய விஞ்ஞானியாலயும் முடியாது. ஆனா மொத்தத்துல பாதி போயிரும்னு அடிச்சுச் சொல்லலாம்" என்றேன். அணுவின் உள்ளே நடப்பதைப் பற்றி என் வாழ்நாளில் இதைவிடச் சுத்தமாக நான் விளக்கியதில்லை. எந்த உவமையும் எங்கே உடையும் என்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால், "இது கணக்குக்குத்தான், உண்மையில மருந்துல பெரும்பகுதி மூத்திரத்தோட முன்னாடியே போயிருக்கும், இதைவிடச் சீக்கிரமாவே குறையும்" என்றும் சொன்னேன். பெண்கள் சிரித்தார்கள். ராணிகூடச் சிரித்தார்.

குவியல் சுருங்கிச் சுருங்கி ஒரே ஒரு கொட்டையில் வந்து நின்றது. அந்தப் பாழாய்ப்போன கொட்டை கருப்பாகவே விழுந்துகொண்டிருந்தது. உருட்ட உருட்டக் கருப்பு.

ராணி சிரிப்பை நிறுத்திவிட்டார். "பாத்தீங்களா, ஒண்ணு நிக்குது. இதைத்தானே நானும் சொல்றேன்? சுத்தமா ஒண்ணுமே இல்லன்னு ஒங்க வாயால சொல்லுங்கம்மா. இப்பவே கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

கேட்டுக்கு வெளியிலிருந்து பாக்கியம் என்னையே பார்த்தார். ஒரே வார்த்தை. சொக்கலிங்கம் சாராக இருந்தால் யோசிக்கவே மாட்டார். எனக்கு ராணிமேல், சார்மேல், அந்தக் கொட்டைமேல் எல்லாவற்றின்மேலும் ஆத்திரம் வந்தது. உண்மை சொன்னால் பிள்ளை போகும், பொய் சொன்னால் பிள்ளை வரும் என்கிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே! ஆனால் பாதி உண்மையால் வந்த வினையை முழுப் பொய்யால் தீர்க்க எனக்கு மனம் வரவில்லை. இன்று பொய் சொன்னால், நாளைக்கு யாராவது வந்து வேறொன்று சொல்லும்போது மறுபடி பிள்ளை போய்விடும்.

"சுத்தமா இல்லன்னு சொல்ல மாட்டேங்க. ஒங்க ஒடம்புலயும் என் ஒடம்புலயும் பொறந்ததுலேருந்து கொஞ்சம் இருக்கு. சாப்பிடுற வாழைப்பழத்துல இருக்கு. பாக்கியம்கிட்ட அதைவிடக் கூட இருக்கான்னு கேளுங்க, அதுக்குப் பதில் சொல்றேன்" என்று பெட்டியை எடுத்து ஸ்விட்சைப் போட்டேன்.

போட்டவுடனே டிக் என்றது. கொஞ்சம் விட்டு டிக் டிக் என்றது. பெண்கள் பதறி எழுந்தார்கள். "இது சும்மா எங்க வச்சாலும் அடிக்கும், கதிரு மழைத் தூறல் மாதிரி எப்பவும் விழுந்துக்கிட்டேதான் இருக்கும். எது பக்கத்துல வச்சா அதிகமா அடிக்குதுன்னுதான் பாக்கணும்" என்று கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. என்னை நம்ப வேண்டாம் என்று பெட்டியை ராணி கையிலேயே கொடுத்தேன். அவர் கேட்டைத் திறந்து, முதல்தடவையாகப் பாக்கியத்தின் பக்கத்தில் போய், கையை எட்டி நீட்டி, கழுத்துத் தழும்புக்கு நேரே பிடித்தார். அவசரப்படக்கூடாது என்று ரொம்ப நேரம் பிடிக்கச் சொன்னேன். தெருவில் எப்படி அடித்ததோ அப்படியேதான் அடித்தது. தன் நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அதேதான்.

அத்தோடு நின்றிருக்கலாம். ராணிக்கு ஆர்வம் வந்துவிட்டது. வீட்டுக்குள் போய் ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். அடுப்படி மேடைமேல் வைத்ததும் டிக் டிக் கொஞ்சம் நெருங்கிக் கேட்டது. தரையில் வைத்தார், அங்கேயும் அப்படித்தான்.

"இங்க ஏன் கூட அடிக்குது?"

"கிரானைட்டுங்க. இந்தக் கல்லுல இயற்கையாவே கொஞ்சம் இருக்கும். ஒண்ணும் செய்யாது."

"அவ கழுத்தைவிட என் வீட்டுத் தரையில கூட இருக்குங்குறீங்க. அதையும் ஒண்ணும் செய்யாதுங்குறீங்க!" என்றார் ராணி. நான் அடுத்த வாக்கியத்தை ஆரம்பிக்குமுன் அவர் கத்தினார்: "தர்ஷினி! செருப்பைப் போடு. இந்தக் கல்லு மேல நிக்காத. ஒங்கம்மாகிட்டப் போ!"

பிள்ளை நாலு எட்டு வைத்து, பழக்கத்தில் நின்றுவிட்டது. "கிட்டக்க வரலாமா?" என்றது. பாக்கியம் கேட்டுக்குள்ளே ஓடிவந்து அள்ளிக்கொண்டார்.

நான் அந்த ஹாலில் நின்று கிரானைட்டைப் பற்றி விளக்கிக்கொண்டே இருந்தேன். பாக்கியம் என் முழங்கையைக் கிள்ளினார். "விடுங்கம்மா, பிள்ளை வந்துருச்சுல்ல. கல்லு கெடக்குது" என்றார். விட என்னால் முடியவில்லை. அடுத்த மாதம் மறுபடி ராணி வீட்டுக்குப் போனேன். தரை முழுக்கப் பாய் விரித்து வைத்திருந்தார். ஒரு மத்தியானம் பூராவும் உட்கார்ந்து பேசினேன். பாதிப் பாயைச் சுருட்டினார், அடுப்படிப் பாயை எடுக்கவில்லை. ஒரு தலைப்பு போட்ட பயத்தை எடுக்க எவ்வளவு வேலை பாருங்கள். போடும்போது ஒரு சிவப்புப் பேனா போதுமாக இருந்தது.

நடந்ததை ஆபீஸில் ஒருவரிடம் சொல்லப்போக, அது சார் காதுக்குப் போனது. கூப்பிட்டார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "ஒங்க வீட்டுத் தரையிலேயே கதிர்வீச்சு! பிரமாதமான கட்டுரைம்மா. இந்த வாரமே எழுது" என்றார்.

ஆபீஸ் ஹாலில் நான் குரலை உயர்த்தியது அந்த ஒருநாள்தான். "எழுத மாட்டேன் சார். மொதல்ல அந்த வெட்டுன பத்தியைப் போடுங்க. அந்தம்மா மாதிரி இன்னும் எத்தனை பேரு கேட்டுக்கு வெளிய நிக்கிறாங்களோ!" எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எடம் இல்லம்மா" என்றார் சார், வழக்கமான குரலில். அடுத்த வாரம் என்னை வரி விளம்பரப் பகுதிக்கு மாற்றினார்கள். வீடு வாடகைக்கு, கிணறு தூர்வார, நாய் விற்பனைக்கு. அதையும் ஒழுங்காகத்தான் செய்தேன்.

சார் ஓய்வுபெற்ற பிறகு பக்கம் திரும்ப என்னிடம் வந்தது. அதற்கப்புறம் நான் எழுதிய எதிலும் காப்பாற்றுகிற வரி முதல் பத்தியில் இருக்கும். 'ஏறத்தாழ', 'இன்ன நிலையில் மட்டும்' எல்லாவற்றையும் வாக்கியத்தின் நடுவில் வைத்துத் தைத்துவிடுவேன், உருவினால் வாக்கியமே விழுந்துவிடும். முன்பு போல் சுவாரஸ்யமாக இல்லை என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். படட்டும்.

ஆனால் அந்தப் பத்தி மட்டும் இன்றுவரை அச்சாகவில்லை. புதிய பொறுப்பாசிரியர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பழைய கட்டுரை மேடம், இப்ப என்ன அவசியம் என்றார்கள். அந்த மருந்தை இன்றைக்கும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். குடித்துவிட்டு ஊர் திரும்புகிற தாய்மார்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வெட்டிப் போட்ட அந்தக் கட்டுரையைப் போட்டோ எடுத்து யாரோ வாட்ஸ்அப்பில் இப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். என் உடன்பிறந்த தம்பியின் மருமகள் எனக்கே அனுப்பினாள்.

அதனால் தம்பி, பக்கத்தை மூடுங்கள், ராசிபலனைப் பரப்பிப் போடுங்கள், என் அப்பா மண்டி, என் எம்.எஸ்ஸி., எலெக்ட்ரான், சாமியார் எல்லாவற்றையும் தாராளமாக வெட்டுங்கள். இந்தத் தடவை மேலேயிருந்து வெட்டுங்கள். இதற்குக் கீழே இருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்:

'இந்த அயோடின் உடம்பில் தங்கிவிடுவதில்லை. பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே சிறுநீரோடு போய்விடும். மிஞ்சியதும் ஏறத்தாழ எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும், அந்தப் பாதியும் பாதியாகும். எத்தனை நாள் தள்ளி இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவருக்கும் மருத்துவர் கணக்குப் பார்த்துச் சொல்வார். பெரும்பாலும் அது சில நாள் முதல் சில வாரம்வரைதான். அவர் சொன்ன நாள் முடிந்ததும் பயப்பட ஒன்றுமில்லை. தாய் தன் பிள்ளையைத் தூக்கலாம், மடியில் வைத்துச் சோறு ஊட்டலாம், ஒரே பாயில் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கலாம்.'